எச்சரிக்கை: இலவச ஆபீஸ் மென்பொருளுக்கு என்னிடம் பறித்த 189 டாலர்

189 டாலர். யாரிடமும் காசு வாங்காமல் கொடுக்கிற லிப்ரே ஆபீஸ் என்ற மென்பொருளின் பெயரைச் சொல்லி என்னிடமிருந்து பிடுங்கிய தொகை இது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

புது மடிக்கணினியில் ஆபீஸ் எதுவும் இல்லை. நான் இருக்கிற சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும், கூடவே நாலைந்து கடிதங்கள். அதற்காக ஆண்டுதோறும் சந்தா கட்ட மனம் வரவில்லை. லிப்ரே ஆபீஸ் போட்டுக்கொள்ளலாம் என்று தேடினேன். முதலில் வந்தது விளம்பரமாக வந்த ஒரு பக்கம். அதே பச்சை நிறம், ஓரம் மடிந்த தாள் போன்ற அதே சின்னம், ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று அதன் செயலிகளின் அதே வரிசை. ஒரு பக்கம் "அடிப்படைப் பதிப்பு, இலவசம்" என்று ஒரு பொத்தான், ஆனால் சாம்பல் நிறத்தில், "தற்போது கிடைக்கவில்லை" என்ற குறிப்போடு. இன்னொரு பக்கம் பளிச்சென்று "பிரீமியம் பதிப்பு, வாழ்நாள் உரிமம், 39 டாலர்". கீழே 30 நாளில் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு முத்திரை.

கட்டினேன். இறங்கியது ஒரு குட்டிக் கோப்பு. உண்மையான விண்டோஸ் நிறுவல் கோப்பு சில நூறு எம்பி இருக்கும், இது சில எம்பிகூடத் தேறாத ஒரு "டவுன்லோட் மேனேஜர்". அதை ஓட்டினால் முதலில் ஒரு பிடிஎஃப் மாற்றி, அப்புறம் உலாவியின் முகப்பை மாற்றுகிற ஏதோ ஒன்று, எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசியில்தான் லிப்ரே ஆபீஸ் வந்தது. மின்னஞ்சலில் நீளமான உரிம எண் ஒன்றும் வந்தது. அதை எங்கே உள்ளிடுவது என்று எல்லா மெனுவையும் திறந்து பார்த்தேன், இடமே இல்லை. கேட்டதற்கு, "உங்கள் எண் எங்கள் சர்வரில் தானாகவே செயல்படுத்தப்பட்டுவிட்டது" என்று பதில். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சில நாள் ஓடியது. அப்புறம் ஒரு காலையில் திறக்க மறுத்தது. சின்னத்தைச் சொடுக்கினால் அந்தத் தொடக்கப் பலகை வரும், கீழே பச்சைக் கோடு பாதி வரை ஓடும், சட்டென்று மறையும். அவ்வளவுதான். கணக்கு ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உரிம எண் வந்த மின்னஞ்சலிலேயே உதவி எண் இருந்ததால் அழைத்தேன்.

நம்பிக்கை வந்த இடம் இதுதான், அதனால் இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். எடுத்தவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். "அண்ணா, ஒண்ணும் கவலைப்படாதீங்க, அஞ்சு நிமிஷ வேலை." அந்த அண்ணாவுக்குத்தான் நான் 150 டாலர் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. (இதுவரை "அவர்" என்று எழுதியது போதும். இனி அவன்.) கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் ஒரு செயலியைப் போடச் சொன்னான், திரையில் வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான். என் சுட்டி தானாக நகர ஆரம்பித்தது.

முதலில், கணினியில் நடப்பதைப் பதிந்து வைக்கிற விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்தான். வரிசை வரிசையாகச் சிவப்பு வட்டங்கள், மஞ்சள் முக்கோணங்கள். "பாத்தீங்களா அண்ணா? இது எல்லாமே தொற்று. உங்க ஆபீஸைத் திறக்க விடாமத் தடுக்குறது இதுதான்." குரலில் உண்மையான கவலை. "வங்கிக் கணக்கு எதுவும் இந்தக் கணினியில பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அந்த மௌனத்துக்கே தனியாகக் காசு வாங்கலாம், அப்படி ஒரு நடிப்பு.

பேசிக்கொண்டே வேறு ஒரு சாளரத்தைத் திறந்தான். ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரேஆபீஸ், அதற்குள் 4 என்று பெயரிட்ட ஒரு கோப்புறை, அதற்குள் யூசர். அந்த "யூசர்" என்பதன் வாலில் "ஓல்ட்" என்று சேர்த்துப் பெயரை மாற்றினான். மூடினான். லிப்ரே ஆபீஸைச் சொடுக்கினான். திறந்துகொண்டது! "தற்காலிகமா சரி பண்ணியிருக்கேன். ஆனா தொற்று உள்ளேயே இருக்கு, ஒரு வாரத்துல திரும்ப வரும். எங்க ஓராண்டுப் பாதுகாப்புத் திட்டத்துல சேந்துட்டா முழுசா சுத்தம் பண்ணிடலாம், 150 டாலர்தான்." திறக்காதது கண்முன்னே திறந்துவிட்டது. செய்தவன் சொல்வதை எப்படி நம்பாமல் இருப்பது? கட்டினேன். அதன் பிறகு ஒரு கறுப்புச் சாளரத்தில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. "சுத்தம் நடக்குது" என்றான். அது வெறும் கோப்புப் பட்டியல் என்று இப்போது தெரியும்.

39ம் 150ம் சேர்த்தால் 189.

உண்மை என்னவென்று கணினித் துறையில் இருக்கும் ஒரு நண்பர் சொன்னபோதுதான் வயிறு எரிந்தது. ஈவன்ட் வியூவரில் சிவப்பு வட்டம் இல்லாத விண்டோஸ் கணினியே கிடையாதாம். நன்றாக ஓடும் கணினியிலும் ஏதாவது ஒரு சேவை தொடங்கத் தாமதமானால்கூட அங்கே பதிவாகும். தொலைபேசியில் ஏமாற்றும் கும்பல்களுக்கு இது பழைய ஆயுதம்.

அவன் மாற்றிய அந்தக் கோப்புறைதான் மொத்த வைத்தியமும். நம் அமைப்புகள், கருவிப்பட்டிகள், நாம் சேர்த்த நீட்சிகள் (கூடுதல் வசதிக்கான குட்டி நிரல்கள்) எல்லாவற்றையும் லிப்ரே ஆபீஸ் அந்த யூசர் கோப்புறையில்தான் வைத்திருக்கிறது. சரியாக மூடாமல் கணினி அணைந்தாலோ, ஒரு நீட்சி கோளாறு செய்தாலோ அது கெட்டுப்போகலாம். பெயரை மாற்றிவிட்டால் மென்பொருள் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு திறந்துவிடும். நம் ஆவணங்கள் பொதுவாக அங்கே இருப்பதில்லை, அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இதைக் கையால் செய்யக்கூட வேண்டாம். விண்டோஸ் தொடக்கப் பட்டியலிலேயே லிப்ரே ஆபீஸ் சேஃப் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதில் நுழைந்தால், வன்பொருள் முடுக்கத்தை நிறுத்துவது, நீட்சிகளை மட்டும் முடக்குவது, எல்லாவற்றையும் முதல் நிலைக்குக் கொண்டுவருவது என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் சோஃபிஸ் டாட் பின் (soffice.bin) என்று லிப்ரே ஆபீஸின் பழைய ஓட்டம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து நிறுத்தினாலே பல நேரம் சரியாகிவிடும். இதற்கு 150 டாலர்!

பிரீமியம் பதிப்பு என்றார்களே, அதையும் பார்த்தோம். உதவி மெனுவில் "பற்றி" என்பதைச் சொடுக்கினால் பதிப்பு எண் தெரியும். எனக்குக் கொடுத்திருந்தது 6.4. அது 2020இல் வந்தது. 2024 தொடக்கத்திலிருந்து லிப்ரே ஆபீஸ் ஆண்டையும் மாதத்தையும் வைத்தே எண் கொடுக்கிறது, முதலில் வந்தது 24.2. ஆக, வருடக்கணக்காகப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் இல்லாத பழைய சரக்கைப் பிரீமியம் என்று சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறார்கள். சந்தைக்குப் போய் நேற்றைய கீரையை வாங்கி வந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வராது, அது வாடியிருப்பது கண்ணுக்காவது தெரியும்.

இதில் இன்னொரு எரிச்சல். லிப்ரே ஆபீஸை வைத்து நடத்துவது தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமற்ற ஜெர்மன் அறக்கட்டளை. ஓப்பன் ஆபீஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து 2010இல் பிரிந்து வந்தவர்கள். வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். உரிம எண் என்ற ஒன்றே அதில் கிடையாது. இலவச மென்பொருளைக் காசுக்கு விற்பதை உரிமம் தடுப்பதில்லை என்பதும் உண்மை, சில செயலிக் கடைகளில் முறைப்படியே ஒரு சிறு தொகைக்குக் கிடைக்கிறது. அது வேறு. இல்லாத பிரீமியத்தையும் இல்லாத உரிம எண்ணையும் இட்டுக்கட்டி விற்பது வேறு. அந்த 39 டாலரில் ஒரு காசுகூட மென்பொருளை எழுதியவர்களுக்குப் போயிருக்காது.

சரி, பணத்தைத் திரும்பக் கேட்டேன். இங்கேதான் இரண்டாவது நாடகம்.

முதலில் அரட்டைப் பெட்டி. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு புகார் எண் தந்தது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் இன்னொரு புகார் எண். பிறகு ஒரு மின்னஞ்சல்: 30 நாள் உறுதி, செயல்படுத்தப்படாத உரிம எண்களுக்கு மட்டுமே பொருந்தும், உங்கள் எண் ஏற்கனவே செயல்படுத்தப்பட்டுவிட்டது. யார் செயல்படுத்தியது? அவர்கள் சர்வர், தானாகவே! அப்படியென்றால் உலகத்தில் யாருக்குமே அந்த 39 டாலர் திரும்பாது.

150 டாலருக்குக் கேட்டால், அது தங்கள் நிறுவனமே இல்லையாம், "உதவிக் கூட்டாளி" நிறுவனமாம். அட்டைக் கணக்கில் பார்த்தால் உண்மையிலேயே வேறு பெயர். அந்தக் கூட்டாளியை அழைத்தால், "மென்பொருள் சம்பந்தமான புகாரை விற்ற தளத்தில்தான் சொல்லணும்." அந்தத் தளம் இவர்களைக் கை காட்டும், இவர்கள் அந்தத் தளத்தைக் கை காட்டுவார்கள். அண்ணா என்று கூப்பிட்டவனைக் கேட்டேன். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்றாள் எடுத்த பெண். மேலாளரோடு பேச வேண்டும் என்றேன், காத்திருப்பு இசை ஓடியது, இணைப்பு அறுந்தது. அடுத்த முறை என் எண்ணைப் பார்த்ததுமே எடுக்கவில்லை போலிருக்கிறது, வேறு எண்ணிலிருந்து அழைத்தால் முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

வங்கியில் முதலில், "நீங்களே ஒப்புதல் கொடுத்த பணம், மோசடி என்று பதிய முடியாது" என்றார்கள். அதுவும் ஒரு தட்டிக்கழிப்புதான், ஆனால் விடாமல் கேட்டபோது, சொன்னபடி பொருளோ சேவையோ தரவில்லை என்று வேறு பிரிவில் மறுப்பு (பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் கோரிக்கை) தாக்கல் செய்யலாம் என்றார் உள்ளே இருந்த ஒருவர். செய்திருக்கிறேன், இரண்டு தொகைக்கும் தனித்தனியாக. தாக்கல் செய்ததும், அதுவரை என் அழைப்பை எடுக்காத கூட்டாளி நிறுவனம் தானாகவே அழைத்தது. மறுப்பைத் திரும்பப் பெற்றால் 50 டாலர் தருகிறார்களாம். 189ஐ வாங்கிக்கொண்டு 50 பேரம்! முடியாது என்றேன். திரும்பப் பெற்றால் அதே தொகைக்கு மறுபடி தாக்கல் செய்ய முடியாது என்று வங்கியிலும் சொல்லியிருந்தார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

எப்படிப் பாதுகாப்பாக நிறுவுவது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை தீர்ந்துவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முகவரியைக் கையால் தட்டச்சு செய்யுங்கள், லிப்ரே ஆபீஸ் டாட் ஆர்க், விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம். அங்கே பதிவிறக்கத்தின்போது நன்கொடை கேட்டு ஒரு பக்கம் வரலாம், விருப்பமிருந்தால் கொடுங்கள், கொடுக்காவிட்டாலும் கோப்பு இறங்கும். விண்டோஸில் நிறுவும்போது வெளியீட்டாளர் இடத்தில் தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்று வருகிறதா பாருங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தால் அதுவும் வைரஸ் இல்லை, அமைப்புகளில் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான (CTL) பகுதியில் ஒரு தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஆவணம் பூட்டியிருக்கிறது என்று வந்தால், அதே இடத்தில் லாக் என்ற சொல்லோடு ஒரு மறைந்த குட்டிக் கோப்பு இருக்கும், வேறு யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்குங்கள்.

ஏற்கனவே யாரையாவது கணினிக்குள் விட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், அந்தத் தொலைவியக்கச் செயலியை நீக்குங்கள், கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அப்புறம், பணம் கட்டிய பக்கம், உறுதி முத்திரை, அரட்டை எல்லாவற்றையும் புகார் கொடுக்கும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நான் மறுப்பு தாக்கல் செய்த பிறகு போய்ப் பார்த்தால் அந்த 30 நாள் முத்திரையையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.