கிடார் பெடலுக்கு அப்டேட் போட்ட பிறகு லேப்டாப்பில் தெரியவில்லையா? சர்வீஸ் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்

கிடார் பெடலுக்கு அப்டேட் போட்டதும் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளாமல் போனால், உடனே பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நான் கிளம்பினேன். 6,500 ரூபாய் போனது. மூன்று வாரம் போனது. மாரியம்மன் பொங்கலுக்குப் பதிவு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்த 4 பாட்டும் கைவிட்டுப் போயின. பணத்தை விட அந்தப் பாட்டுகள்தான் எனக்கு இன்னும் மனதில் உறுத்துகின்றன.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுகாவில் எங்களுக்கெல்லாம் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். கோயில் பொங்கல், கல்யாணம், வரவேற்பு என்று மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பதும், சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதும்தான் தொழில். கருவி ரிப்பேர் என்றால் ஒன்று பாலக்காடு, இல்லாவிட்டால் வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர். கோவையில் கடை அதிகம், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் என்பதால் பெரும்பாலும் அங்கேதான் போவோம்.

என்னிடம் இருப்பது ஒரு மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், அதாவது கிடார் ஒலியைப் பலவிதமாக மாற்றித்தரும் பெட்டி. டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப், ஆம்ப் மாடல் எல்லாம் ஒரே பெட்டிக்குள். யூஎஸ்பி கேபிள் ஒன்று செருகினால் போதும், கிடார் ஒலி நேராக லேப்டாப்புக்குள் போய்விடும். தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியதில்லை. என் வீட்டுப் பதிவெல்லாம் மூன்று வருடமாக இதில்தான்.

ஒரு நாள் ராத்திரி கம்பெனி வெளியிட்ட புது ஃபர்ம்வேரை, அதாவது பெடலுக்குள் ஓடும் மென்பொருளைப் போட்டேன். அப்டேட் நடுவில் நிற்கவில்லை, கரண்டும் போகவில்லை. முழுசாக முடிந்தது என்று பெடல் திரையிலேயே வந்தது. அணைத்துப் போட்டேன். ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகி வாசித்தால் ஒலி சுத்தமாக இருக்கிறது, நான் சேமித்து வைத்த ஒலி அமைப்புகள், அதாவது என் பேட்ச் எல்லாம் இருக்கின்றன. லேப்டாப்பில் செருகினால் வழக்கமான 'டிங்' சத்தம் கேட்கிறது. ஆனால் பதிவு செய்யும் மென்பொருளைத் திறந்தால் ஆடியோ கருவியே இல்லை என்கிறது. விண்டோஸின் கருவிப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் பெடல் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், உள்ளே போய்ப் பார்த்தால் கோட் 10, அதாவது கருவியைத் தொடங்க முடியவில்லை என்ற பிழை எண்.

அந்த 'டிங்' சத்தத்தையும் மஞ்சள் முக்கோணத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவை என்ன சொல்கின்றன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் இதை எழுதவே நேர்ந்திருக்காது.

பயம் பிடித்துக்கொண்டது. நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் தோன்றியது. அதே அப்டேட்டை மறுபடியும் போட்டேன், பதிவு மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோவை.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஆள் நன்றாகத்தான் பேசினார். அப்டேட் போட்டேன் என்று நான் சொன்ன அடுத்த நிமிடமே, பெட்டியைத் திறக்காமல், ஒரு கேபிள்கூடச் செருகிப் பார்க்காமல், "அண்ணா, அப்டேட்ல மெயின் போர்டு போயிருச்சுங்க. இது நிறைய வருதுங்க. போர்டு மாத்துனாத்தான் ஆகும்" என்றார். போர்டு 5,500, கூலி 1,000. ஆம்பில் ஒலி வருகிறதே தம்பி என்று கேட்டேன். "அது அனலாக் லைனுங்கண்ணா, வேற" என்றார், அதாவது ஆம்புக்குப் போகும் ஒலி அந்த போர்டைத் தொடாத தனி வழியாம். அது பொய் என்று இப்போது தெரிகிறது. இந்த வகைப் பெடலில் கிடார் ஒலி முதலிலேயே டிஜிட்டலாக மாறி, சிப்பில் எஃபெக்ட் ஏறி, மறுபடி ஒலியாகி வெளியே வருகிறது. எஃபெக்டோடு ஒலி வருகிறது என்றால் அந்த சிப்பும் ஃபர்ம்வேரும் வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம். போர்டு செத்திருந்தால் எஃபெக்ட் ஏறிய ஒலி வர வழியே இல்லை.

10 நாள் கழித்து வரச்சொன்னார். போனேன். அவருடைய கம்ப்யூட்டரில் செருகிக் காட்டினார், உடனே தெரிந்தது, கிடாரில் நாலு கார்டு (chord) வாசித்தும் பார்த்தேன். சந்தோஷமாகப் பணத்தைப் போனிலேயே அனுப்பினேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். மாற்றிய பழைய போர்டைக் கேட்டேன், கம்பெனிக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது என்றார்.

வீட்டுக்கு வந்து செருகினால், இந்தத் தடவை 'டிங்' சத்தம்கூட இல்லை. போன் செய்தேன். "உங்க லேப்டாப்ல யூஎஸ்பி போர்ட் போயிருக்கும்ங்ணா. அதையும் எடுத்துட்டு வாங்க, 2,000 ஆகும்" என்றார். நான் எடுத்துப் போகவும் தயாராக இருந்தேன்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தாள். பெடலை மடியில் வைத்துக்கொண்டு பேட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவள் கேட்டாள்: "மாமா, போர்டை மாத்திட்டாங்கன்னு சொல்றீங்க. அப்ப உங்க பேட்ச் எல்லாம் எப்படி அப்படியே இருக்கு?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நாம் சேமிக்கும் பேட்சுகள் அந்த மெயின் போர்டில் உள்ள மெமரியில்தான் இருக்கின்றன. புது போர்டு என்றால் கம்பெனி போட்ட பேட்சுகள்தான் இருக்க வேண்டும். வெளியே எடுத்து வைத்து மறுபடி ஏற்றினார்கள் என்றால் அதற்கு யூஎஸ்பி வேண்டும், அதுதான் செத்துப் போனதாகச் சொன்னார்கள். நான் மூன்று வருடத்துக்கு முன்னால் அவசரத்தில் ஒரு எழுத்தை விட்டுப் பெயர் வைத்த சோலோ பேட்ச் ஒன்று இருக்கிறது. அந்தத் தப்பு எழுத்தோடு அதே 23-ஆம் எண்ணில் அப்படியே உட்கார்ந்திருந்தது. போர்டை யாரும் தொடவே இல்லை.

அடுத்து கேபிளைப் பார்த்தாள். பெடலோடு வந்த கேபிள் தடிமனாக, ஒரு முனைக்குப் பக்கத்தில் உருண்டைக் குமிழோடு இருக்கும். பையில் இருந்ததோ பழைய போன் சார்ஜர் பின் வைத்த மெல்லிய கறுப்பு கேபிள். என் கேபிளைக் கடையில் வைத்துக்கொண்டு இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தா, கைமாறியா என்று நான் சொல்ல முடியாது. பிளேடால் உறையைக் கீறிப் பார்த்தோம். யூஎஸ்பி கேபிளுக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை என்று நாலு கம்பி இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. இதில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருந்தன. வெறும் சார்ஜ் கேபிள். 'டிங்' சத்தம் வராததற்கு அதுதான் காரணம். லேப்டாப்பின் யூஎஸ்பி போர்ட் (கேபிள் செருகும் துளை) நன்றாகவே இருந்தது.

கேமராவுக்கு வைத்திருந்த டேட்டா கேபிளைச் செருகினோம். 'டிங்' வந்தது, பழைய மஞ்சள் முக்கோணமும் வந்தது. அதாவது 6,500 ரூபாய் கொடுத்த பிறகு, கடைக்குப் போகும் முன் எங்கே நின்றேனோ அங்கேயேதான் நிற்கிறேன்.

உண்மையான காரணம் கம்பெனியின் அப்டேட் குறிப்பிலேயே ஒரு வரியாக இருந்தது: இந்தப் பதிப்புக்குப் புது டிரைவர் தேவை. டிரைவர் என்றால் கருவியோடு பேச கம்ப்யூட்டருக்கு உதவும் மென்பொருள். நான் அந்த வரியைப் படிக்கவில்லை. புது ஃபர்ம்வேர் போட்டபின் பெடல் தன்னைக் கம்ப்யூட்டரிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளும் விதம் மாறிவிட்டது. என் லேப்டாப்பில் இருந்த பழைய டிரைவருக்கு அது புரியவில்லை. கடைக்காரர் கம்ப்யூட்டரில் புது டிரைவர் இருந்திருக்கிறது, செருகியதும் வேலை செய்தது, அவ்வளவுதான் நடந்தது.

அவள் செய்ததைச் சொல்கிறேன், விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு உதவும். பெடலைக் கழற்றிவிட்டு, டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குள் போய் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைப் போட்டாள். மங்கலாக அதே பெடல் பெயரில் இரண்டு, அப்டேட் நேரத்தில் வேறு கருவி போலத் தெரிந்ததன் மிச்சம் ஒன்று, ஆக மூன்று கிடந்தன. ஒவ்வொன்றையும் அன்இன்ஸ்டால் செய்தாள். டிரைவர் மென்பொருளையும் அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும், இல்லாவிட்டால் பழைய டிரைவரே திரும்ப வந்து உட்காரும். ரீஸ்டார்ட். கம்பெனி தளத்திலிருந்து புது டிரைவரை இறக்கி, அது கேட்கும்போது மட்டும் பெடலைச் செருகினாள். ஹப் எதுவும் நடுவில் இல்லாமல் நேராக லேப்டாப்பில். மொத்தம் 20 நிமிடம். பதிவு மென்பொருளில் ஆசியோ (ASIO) என்ற ஆடியோ டிரைவரை மறுபடி தேர்ந்தெடுத்ததும் சிக்னல் பச்சைக் கோடு எழும்பியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஆனால் இந்த அடையாளங்களைப் பாருங்கள். பெடலில் விளக்கு எரிந்து, ஆம்பில் எஃபெக்டோடு ஒலி வந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது. செருகியதும் சத்தம் வந்து மஞ்சள் முக்கோணமும் வந்தால் கேபிள் சரி, பெரும்பாலும் கோளாறு டிரைவரில். கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை, கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியைப் போட்டிருந்தால் பொருந்தாத பழைய டிரைவர்களை அது தடுத்துவிடும், புது டிரைவர் தேட வேண்டும். சத்தமே வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். அப்டேட் பாதியில் நின்று திரையே வராமல் போனால்கூட, பல கருவிகளில் ஒரு குறிப்பிட்ட பட்டனை அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் அப்டேட் நிலைக்குப் போகும், அங்கிருந்து மறுபடி ஏற்றலாம். எந்தப் பட்டன் என்பது அந்தந்தக் கருவியின் கையேட்டில் இருக்கும்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், கொடுக்கும் முன் சீரியல் எண், பேட்ச் பட்டியல், கூடக் கொடுக்கும் கேபிள், அடாப்டர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த பெயரில் ஒரு பேட்ச் சேமித்து வையுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லி எழுதி வாங்குங்கள். பரிசோதனையை உங்கள் லேப்டாப்பில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மறுவாரம் பெடலோடு கடைக்குப் போய் அந்தத் தப்பு எழுத்துப் பேட்சைக் காட்டினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "நீங்க கேரளாக்காரருங்க. இங்க எங்க வேணும்னாலும் கம்ப்ளெயின்ட் குடுங்க, நடையா நடக்கோணும்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அப்போதுதான். எல்லை தாண்டி வருகிறவன் சில ஆயிரத்துக்காகத் திரும்ப வரமாட்டான் என்ற தைரியத்தில் செய்த வேலை இது.

அவர் சொன்னது 1986-ஆம் வருட நுகர்வோர் சட்டத்துக்கு ஓரளவு பொருந்தியிருக்கும். அப்போது பெரும்பாலும் கடை இருக்கும் மாவட்டத்தில்தான் வழக்குப் போட வேண்டும். 2019-இல் வந்து 2020 ஜூலையில் அமலான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். எனக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நான் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, பேட்ச் படம், கீறிய கேபிளின் படம் எல்லாவற்றையும் இணைத்து, 15 நாளில் பணம் வராவிட்டால் பாலக்காட்டில் புகார் கொடுப்பேன் என்று ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் 5,500 ரூபாய் போனில் வந்தது. போர்டு மாற்றவில்லை என்று அவர் வாயால் இதுவரை சொல்லவில்லை. கூலி 1,000 ரூபாயும் என் கேபிளும் பாக்கி. இரண்டுக்கும் சேர்த்து, அடுத்த கடிதம் நேற்று கொழிஞ்சாம்பாறைத் தபாலாபீசிலிருந்து போயிருக்கிறது.