‘பராமரிப்பே வேண்டாம்’ என்று விற்கும் வெயில் செடிகள்: பூவைப் பார்க்காதீர்கள், தொட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

“நல்ல வெயில் தாங்கும், தண்ணி அதிகம் கேக்காது, பராமரிப்பே வேண்டாம்.” இப்படிச் சொல்லி விற்ற தொகுப்பில் பன்னிரண்டு செடிகள். நாற்பது நாள் கழித்து உயிரோடு இருந்தவை நான்கு. கேட்டதற்கு நர்சரியில் முதலில் வந்த பதில், “தண்ணி ஊத்தாம விட்டிருப்பீங்க.” மறுபடி கேட்டால், “தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க.” இரண்டுமே உண்மையான காரணம் இல்லை. செத்த எட்டையும் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கழுவிப் பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது. இதே கதை பல இடங்களில் நடப்பதால் எழுதுகிறோம்.

முதலில் காகிதப்பூ. மூன்று செடிகளிலும் பூ அடைத்துக்கொண்டு இருந்தது, வேர்தான் இல்லை. பைக்குள் இருந்தது சாய்வாக வெட்டி ஊன்றிய குச்சி. வெட்டுவாயைச் சுற்றி வெள்ளையாகத் தடித்த ஒரு வளையம், அதிலிருந்து நகத்தின் நீளம்கூட இல்லாத இரண்டு மூன்று நூல் வேர்கள். ஒரு குச்சியில் அதுவும் இல்லை; மண்ணுக்குள் இருந்த பட்டை பழுப்பாகி, விரலால் தேய்த்ததும் உறை மாதிரி கழன்று வந்தது. தடித்த குச்சிக்குள் சேமிப்பாக இருக்கும் மாவுச்சத்தை வைத்தே இலையும் பூவும் வந்துவிடும். வேர் பிடித்துப் பையை நிறைக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களைக் காத்திருக்காமல், பூ வந்ததுமே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். நிழலில் பத்து நாள் நன்றாக இருக்கும். முழு வெயிலில் வைத்ததும் இலை இழக்கும் நீரை ஈடுகட்ட வேர் இல்லை, கதை முடிந்தது.

இதைக் கண்டுபிடிக்க, தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசையுங்கள். வேர் பிடித்த செடி என்றால் மண் கட்டியும் சேர்ந்து அசையும். வெறும் குச்சி என்றால் குச்சி மட்டும் ஆடும். அடித் துளையில் வெள்ளை வேர் நுனி தெரிகிறதா என்றும் பாருங்கள். பிடித்து இழுக்க மட்டும் வேண்டாம். காகிதப்பூவின் வேர் மென்மையானது, நல்ல செடியும் அறுந்துவிடும். நடும்போதும் பையைக் கிழித்து, மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்க வேண்டும்.

இரண்டு செம்பருத்திகளில் கோளாறு வேறு. வேர் இருந்தது, அதுவும் தேவைக்கு மேலேயே. சின்னப் பையில் நெடுநாள் கிடந்து, வேர் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நூல்கண்டு மாதிரி ஆகியிருந்தது. அதைப் பிரிக்காமல் அப்படியே பெரிய தொட்டிக்குள் வைத்து, மேலே இரண்டு அங்குலம் செம்மண் போட்டு, ‘பெரிய செடி’ என்று விற்றிருக்கிறார்கள். உள்ளே இருந்த கட்டி முழுக்கத் தேங்காய் நார்க்கழிவு. அது ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, ஓரத்தில் இடைவெளி விழும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாகவே இறங்கி அடியில் ஒழுகிவிடும். ஊற்றியவர் திருப்தியாகத் திரும்பிப் போவார். நடுவில் வேர் எலும்பாகக் காய்ந்து கிடக்கும். கவிழ்த்தபோது வெளி மண் ஈரம், உள் கட்டியை உடைத்தால் தூள் பறந்தது. “தண்ணி அதிகம்”, “தண்ணி குறைவு” இரண்டும் ஒரே தொட்டியில் நடந்திருக்கிறது!

இந்த நிலையில் செடி கிடைத்தால், தொட்டியோடு வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி நிற்கும்வரை வையுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு கட்டியை எடுத்து, சுற்றிய வேரின் மேல் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் கீறிவிடுங்கள். வெளிப்பக்க நார்க்கழிவை உதிர்த்துவிட்டு நட்டால்தான் வேர் புது மண்ணுக்குள் போகும். செம்பருத்தி இந்த வெட்டைத் தாங்கும். காகிதப்பூவுக்கு இதைச் செய்துவிடாதீர்கள்.

அடுத்த மூன்றும் வெயில் தோட்டத்துக்கே பொருந்தாதவை: பீஸ் லில்லி, லக்கி பாம்பூ, சிவப்புத் தலை வைத்த மூன் காக்டஸ். லக்கி பாம்பூ மூங்கிலே கிடையாது, டிரசீனா வகை. நேர் வெயிலில் வெந்துபோகும். மூன் காக்டஸின் சிவப்புத் தலையில் பச்சையம் இல்லை. அடியில் இருக்கும் பச்சைக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டி வைத்தது; உணவெல்லாம் கீழே இருந்துதான் போகிறது. கள்ளி என்பதால் எந்த வெயிலும் தாங்கும் என்று நினைக்கிறோம், உச்சி வெயிலில் அந்தத் தலைதான் முதலில் கருகும். ‘முழு வெயில்’ என்றால் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் என்று கணக்கு. ஜன்னலோர வெளிச்சத்தில் நன்றாக இருக்கும் செடியை அந்தப் பட்டியலில் சேர்த்து விற்பது அறியாமையாகவும் இருக்கலாம். பணம் போவது என்னவோ நமக்குத்தான்.

சரியான வகையை, நல்ல வேரோடு வாங்கினாலும் இன்னொரு கண்ணி உண்டு: நிழல்வலை. வலைக்குள் வளர்ந்த செடியின் இலை பெரிதாக, மெல்லிதாக, கரும்பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். நேராக வெயிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில், சூரியனைப் பார்த்த பக்கம் மட்டும் வெளுத்துப் பிறகு பழுப்பாகும். நோய் என்று மருந்து அடிக்க ஓடாதீர்கள், அது வெயில் காயம். அந்த இலை தேறாது. புது இலை வெயிலுக்கு ஏற்றபடி தடித்து வரும். முதல் மூன்று நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு தினமும் அரை மணி, ஒரு மணி கூட்டி, பத்துப் பதினைந்து நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். “இது வலைக்குள்ள இருந்ததா, வெளியில இருந்ததா?” என்று வாங்கும்போதே கேளுங்கள். வெளியே இருந்த செடி கொஞ்சம் முரட்டுத்தனமாக, இலை சிறிதாக இருக்கும். அதை எடுங்கள்.

சில்லறை ஏமாற்றுகளும் உண்டு. கள்ளியின் தலையில் பசை வைத்து ஒட்டிய காய்ந்த பூ: ஈரக்காற்றில் மூடி, வெயிலில் விரியும் என்பதால் உயிருள்ள பூ என்றே தோன்றும். நிஜமான பூ சில நாளில் வாடும். வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் சந்தேகப்படுங்கள், அடியில் பசை தெரியும். சதைப்பற்றுச் செடிகளுக்கு நீலம், ஊதா என்று சாயம் அடிப்பது அதைவிட மோசம், இலைக்கு வெளிச்சமே போகாது. தொட்டியின் மேல் கூழாங்கல்லைப் பசையால் இறுக்கியிருந்தால் தண்ணீரும் போகாது, மண் என்ன நிலை என்றும் தெரியாது. ‘குட்டை ரகம்’ என்று விற்பதில் சில வளர்ச்சி அடக்கும் மருந்து கொடுத்தவை. மருந்தின் வேகம் குறைந்ததும் கிளை நீண்டுகொண்டு போகும்.

பிழைத்த நான்கு: நித்தியகல்யாணி இரண்டு, அரளி ஒன்று, அடினியம் ஒன்று. இவை உண்மையிலேயே வெயில் செடிகள். ஆனால் அரளி, அடினியம் இரண்டின் சாறும் நஞ்சு என்பதை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தைகள், ஆடு மாடு நடமாடும் இடத்தில் வைக்காதீர்கள். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் கையுறை போடுங்கள். அடினியம் வாங்கும்போது பருத்த அடியை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருக்க வேண்டும், பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே அழுகல் இருக்கலாம். அடினியத்துக்கு மண்ணில் பாதி அளவு ஆற்று மணலோ பொடிக்கல்லோ சேர்க்க வேண்டும். நித்தியகல்யாணிக்கும் தண்ணீர் தேங்கினால் ஆகாது.

‘பராமரிப்பே வேண்டாம்’ என்பதை முதல் வருஷத்துக்கு மறந்துவிடுங்கள். எந்த வெயில் செடியும் தரையில் வேர் ஓடும்வரை தண்ணீர் கேட்கும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்ததும் ஆழமாக. மண்ணை மூட காய்ந்த இலை, வைக்கோல் மாதிரி மூடாக்கு ஐந்து செ.மீ. கனத்துக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி. தொட்டியில் வைத்த செடிக்கு இந்தச் சலுகையும் கிடையாது, அது எத்தனை வருஷம் ஆனாலும் உங்கள் கையைத்தான் நம்பியிருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் வெயில் படும் பக்கத்து வேர் வெந்துவிடும். முன்னால் இன்னொரு தொட்டியை வைத்து மறைத்தாலே போதும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், செடி வந்த அன்றே இலை, அடித்துளை, வேர் மூன்றையும் படம் எடுத்து, பில்லோடு விற்றவருக்கு அனுப்பிவிடுங்கள். வேரில் பாசிமணி கோத்தது போல் முடிச்சுகள் இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. அந்தச் செடியைத் தரையில் வைக்கவே வேண்டாம், மண்ணையும் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். பையோடு திருப்பிக் கொடுங்கள்; வாங்க மறுத்தால் பையைக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.