ஆண்டு முழுவதும் மல்யுத்தமா, பருவத்துக்கு ஒரு விளையாட்டா? அயோவா மாணவர் முன் உள்ள வழிகள்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு விளையாட்டுப் பருவங்கள் நான்கு. இலையுதிர்காலத்தில் அமெரிக்கக் கால்பந்து, குளிர்காலத்தில் மல்யுத்தம், வசந்தத்தில் தடகளம் என்று ஓடி, பிற மாநிலங்கள் வசந்தத்தில் ஆடும் பேஸ்பாலை இங்கே கோடையில் ஆடுகிறார்கள். வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் இளையோருக்கான தேசிய ஃப்ரீஸ்டைல், கிரேக்க-ரோமன் வகை மல்யுத்தப் போட்டிகள் நடப்பதும் ஜூலையில்தான் என்பதால், மல்யுத்தத்தில் தீவிரமாக இருக்கும் மாணவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

ஆண்டு முழுவதும் மல்யுத்தமே போதும் என்போர் அமெரிக்க மல்யுத்த வீரர் கைல் ஸ்னைடரைக் காட்டுவார்கள். பள்ளியின் கடைசி ஆண்டிலேயே கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஒலிம்பிக் பயிற்சி மையத்துக்குச் சென்றுவிட்ட அவர், 2015இல் 19 வயதில் உலகப் பட்டத்தையும் அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் தங்கத்தையும் வென்றார். ஆனால் அங்கே அவருக்குக் கிடைத்த தரமான எதிராளிகள் ஒரு சிற்றூர்க் கிளப்பில் கிடைக்கமாட்டார்கள். பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பள்ளிகளில் நடப்பது ஃபோக்ஸ்டைல் என்ற அமெரிக்க மல்யுத்த வகை. அதில் கீழே அகப்பட்டவர் பிடியை உதறி எழுந்தால் ஒரு புள்ளி பெறுகிறார். ஃப்ரீஸ்டைலிலோ, கீழே இருப்பவர் சிறிது நேரம் புரளாமல் தாக்குப்பிடித்தால் நடுவரே இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். ஆகவே வசந்தமும் கோடையும் ஃப்ரீஸ்டைலிலேயே கழித்தவரின் கால் பிடித்துச் சாய்க்கும் திறன் கூர்மையாகும். கீழிருந்து எழும் பழக்கமோ, பள்ளி மல்யுத்தம் தொடங்கும் நவம்பருக்குள் மழுங்கிப்போகலாம்.

அமெரிக்கக் கால்பந்தையும் சேர்த்துக்கொள்பவருக்கு ஆதாயம் தெளிவானது. இடுப்பைத் தாழ்த்தி மோதுவதும், கைப்போரில் முந்துவதும் இரண்டுக்கும் பொது. 1999இல் உலக மல்யுத்தச் சாம்பியனான ஸ்டீபன் நீல், கல்லூரியில் கால்பந்து ஆடாமலேயே நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற தொழில்முறைக் கால்பந்து அணியில் இடம்பிடித்தார்.

உண்மையான இடைஞ்சல் எடையில் இருக்கிறது. முன்வரிசை ஆட்டக்காரர் கனக்கவேண்டும் என்பார் கால்பந்துப் பயிற்சியாளர். பள்ளி மல்யுத்த விதிகளோ வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க அனுமதிப்பதில்லை. உடற்கொழுப்பும் ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே போகுமளவுக்கு எடையைக் குறைக்கக்கூடாது. 180 பவுண்டில் கால்பந்தை முடிக்கும் மாணவர் 165 பவுண்டுப் பிரிவுக்கு இறங்க ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை தன்னைவிடக் கனமானவர்களோடு மோதவேண்டியிருக்கும். இலையுதிர்காலத்தில் கால்பந்துக்குப் பதிலாக நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தேர்ந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மேலுடல் வலுவுக்கான பயிற்சி பின்தங்கும்.

என் தீர்ப்பு, பத்தாம் வகுப்பு வரையிலாவது, கால்பந்தோடு இணைந்த வழிக்கே. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஒரே விளையாட்டில் மட்டும் ஈடுபடுவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்கிறது. ஆண்டில் மூன்று மாதமாவது, மாதம் மாதமாகப் பிரித்தேனும், முதன்மை விளையாட்டிலிருந்து விலகியிருக்கவும் பரிந்துரைக்கிறது. ஆகஸ்டில் தொடங்கும் கால்பந்துப் பருவம் இந்த ஓய்வைத் தனியாகத் திட்டமிடாமலேயே தந்துவிடுகிறது. எட்டுப் பேர் கால்பந்து ஆடும் சிறிய பள்ளிகளில், ஒருவர் விலகினாலும் அணி தள்ளாடும் என்பதையும் நான் லேசாக எண்ணமாட்டேன். வசந்தத்தில் தடகளத்தோடு வாரம் இரண்டு மாலை கிளப் பயிற்சி போதுமானது.

கோடையில் மட்டும் சமரசத்துக்கு இடமில்லை. கல்லூரி மல்யுத்தம்தான் குறிக்கோள் என்றால், கல்லூரிப் பயிற்சியாளர்கள் கூடும் ஃபார்கோவுக்காக, பதினோராம் வகுப்பு முடிந்த கோடையிலாவது பேஸ்பாலை விடவேண்டும். அந்தக் குறிக்கோள் இல்லாதவர் பேஸ்பாலை ஆடட்டும். கால்பந்தே வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பயிற்சி விரிப்பை விட்டு விலகி, நீச்சலோ எடைப் பயிற்சியோ செய்துவிட்டு அக்டோபரில் திரும்பலாம். எஞ்சிய ஒரு மாத ஓய்வைப் பள்ளி மல்யுத்தப் பருவம் பிப்ரவரியில் முடிந்தபின் மார்ச்சில் எடுத்துக்கொள்ளலாம்.