2 இன்ச் தூக்கிய ஹைலக்ஸ்: ஸ்டேரிங் ஏன் அலைகிறது?

வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விலை இறங்கியிருக்கிறதாம், போடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். உயரம், தோற்றம், வெள்ளத் தண்ணீரில் போகலாம் என்பதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது ஸ்டேரிங். வளைவு முடிந்த பிறகும் அது தானாக நடுவுக்குத் திரும்பாது. பினாங்கு பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காராக் நெடுஞ்சாலை இறக்கத்தில் அது எரிச்சல் என்ற அளவைத் தாண்டிவிடும்.

என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் போட்டிருப்பது இதுதான்: முன்னால் அப்சோர்பர் தலையில் 25 மி.மீ ஸ்பேசர் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை, அதாவது லோவர் ஆர்ம் கணக்கில் சக்கரத்துக்கு வரும்போது ஏறக்குறைய 50 மி.மீ ஆகிவிடும்), பின்னால் கூடுதலாக ஒரு லீஃப் (ஸ்பிரிங் பட்டை), 265/65 ஆர் 17 டயர் இருந்த இடத்தில் 285/70 ஆர் 17. டயர் விட்டம் 776 மி.மீட்டரிலிருந்து 831 ஆகிறது. மீட்டரில் 100 காட்டும்போது உண்மையில் 107 ஓடுகிறோம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் முதலில் பழி போடுவது டயர் மீது. டயருக்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி கேஸ்டர். முன்சக்கரம் திரும்பும் அச்சு மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் அது. சக்கரத்தை நேராக இழுத்து நிறுத்துவது அதன் வேலை. முன்பக்கம் தூக்கினால் ஆர்ம்களின் நிலை மாறி அது குறைகிறது. பின்பக்கத்தால் வரும் குறைவை யாரும் கணக்குப் போடுவதில்லை. வீல்பேஸ் 3085 மி.மீ. பின்பக்கம் முன்பக்கத்தைவிட 54 மி.மீ அதிகமாக ஏறினால் வண்டி முன்னோக்கிச் சாய்ந்து, அதிலேயே 1 டிகிரி போய்விடும். சுமைக்கென்று செய்த லீஃப் காலி வண்டியில் சொன்னதைவிட அதிகமாகத் தூக்கும். சோதித்துப் பார்க்க சுலபமான வழி: பின்னால் ஆறு மூட்டை சிமெண்ட் ஏற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். பாரத்தோடு நேராகப் போய், காலியாக அலைந்தால் பின்பக்க உயரம்தான் காரணம், சந்தேகமே வேண்டாம்.

இனி என் கோபம். சக்கரக் கோணம் பார்க்கும் அலைன்மென்ட் கடையில் டை ராடை (ஸ்டேரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) திருகி, டோ (சக்கரங்களின் முன்முனை உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து, எல்லாம் பச்சையாக இருக்கிற தாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கேஸ்டருக்கு லோவர் ஆர்மின் கேம் போல்ட்களை (திருப்பினால் ஆர்மை நகர்த்துபவை) அவிழ்க்க வேண்டும். பழைய வண்டியில் அவை துருப்பிடித்து இறுகியிருக்கும், அதனால் தொட மனம் வராது. நீங்களே எழுதிக் கொடுங்கள்: கேஸ்டர் இரு பக்கமும் 3 டிகிரிக்கு மேல், வித்தியாசம் அரை டிகிரிக்குள், கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே, வெளியே சாயும் கோணம்) பூஜ்யத்துக்குப் பக்கத்தில், டோ மொத்தமாக 1 முதல் 2 மி.மீ உள்நோக்கி. நம் சாலை இடப்பக்கம் சரிவதால் இடது கேஸ்டர் ஒரு துளி கூடுதலாக இருக்கட்டும். கேஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். கேம் எல்லைக்குப் போயும் 3 வரவில்லையென்றால், கேஸ்டர் கூட்டித் தயாரித்த அப்பர் ஆர்ம் வாங்குவதைத் தவிர வழியில்லை. ஸ்பேசர் விலையைவிட அது அதிகம்!

அலைன்மென்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியவை உண்டு. சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டேரிங்கை இடவலமாக ஆட்டட்டும். நீங்கள் கீழே டை ராட், ரேக் எண்ட், பால் ஜாயின்ட்களில் விரல் வைத்துத் தளர்வு பாருங்கள். ஆர்ம் மூட்டின் ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி ஜாக்கில் தொங்கும்போது முடுக்கியிருந்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு முடுக்குங்கள். லீஃபைப் பிடித்திருக்கும் யு-போல்ட்களை 500 கி.மீ ஓடியதும் மறுபடி இறுக்குவது கட்டாயம்.

டயர் காற்றுக்குச் சுண்ணக்கட்டி போதும். தரையில் படும் டிரெட் குறுக்கே கோடு போட்டு நேரான, சமமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. ரிம் ஆஃப்செட் மிகக் குறைந்து சக்கரம் வெளியே தள்ளியிருந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டேரிங் உதைக்கும். அதை எந்த அலைன்மென்ட்டும் தீர்க்காது.

20 முதல் 40 கி.மீ வேகத்தில் கிளம்பும்போது அடியில் அதிர்ந்தால் அது வேறு கதை: பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கை வாஷர் வைத்து 10 மி.மீ வரை இறக்கிப் பாருங்கள். பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் லோட் சென்சிங் வால்வு உள்ள பழைய வண்டிகளில் பின்பக்கம் உயர்ந்ததும் வால்வு ‘பாரமில்லை’ என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைக்கும்; அதன் கம்பியையும் திருத்தச் சொல்லுங்கள்.

நியாயமாகச் சொன்னால், கிட்டின் தரத்தில் குறையில்லை. லீஃப் தொய்யவில்லை, ஸ்பேசர் நெளியவில்லை. கேஸ்டர் சரியானதும் பாலத்தில் ஒரு கையால் ஓட்டலாம் போலிருக்கிறது. எஸ்டேட் மண்சாலையில் அடி தட்டுவதும் நின்றுவிட்டது.

ஆனாலும் நண்பருக்குப் பதில்: வேண்டாம். 265/70 ஆர் 17 டயர் போதும். விட்டம் 803 மி.மீ, அடிப்பாகம் 13 மி.மீ உயரும், லிஃப்ட் தேவையில்லை. மிச்ச வெள்ளியை நல்ல அப்சோர்பருக்குப் போடுங்கள். உன் வண்டியில் கழற்றிவிடுவாயா என்று கேட்காதீர்கள். கழற்றினால் மறுபடி அலைன்மென்ட் கடைக்குப் போக வேண்டும்.