கூடாரம் போட்டு நிற்பதா, மூட்டை தூக்கி நடப்பதா?

1783-இல் கடலூர்க் கோட்டைக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை, கடலில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலக் கப்பற்படைத் தளபதி ஹியூஸும். இது எங்கள் ஊர்ச் சண்டை, இதை நாமே நடித்துப் பார்க்கலாம் என்று நண்பர்கள் எட்டு பேர் கிளம்பினோம். எப்படிச் செய்வது என்பதிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. சரி என்று இரண்டு விதமாகவும் செய்து பார்த்தோம்.

முதலில் கூடாரம். ஒரு தென்னந்தோப்பில் நாலு கூடாரம், சிவப்புக் கோட்டு, மரத்தில் கடைந்த துப்பாக்கி, வருகிறவர்களுக்கு விளக்கம். குடும்பத்தோடு வரலாம், வயதானவர்களும் கலந்துகொள்ளலாம், செலவும் குறைவு. இதில் எனக்குப் பிடித்தது கேள்விகள்தான். "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம் சார்?" என்று ஒரு பையன் கேட்டான். இரண்டு பக்கமும் என்று சொன்னபோது அவன் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. ஆங்கிலேயரிடமும் இந்தியச் சிப்பாய்கள், பிரெஞ்சுக்காரரிடமும் இந்தியச் சிப்பாய்கள், புஸ்ஸிக்குத் துணையாக மைசூர்ப் படை வேறு. இதை ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாரக் காட்சியை விட்டால் நல்ல வழி இல்லை. ஆனால் மதியம் பிரியாணி பார்சல், ராத்திரி பைக்கில் வீடு. உடை மட்டும்தான் அந்தக் காலம், உடம்பு இந்தக் காலத்திலேயே இருக்கிறது.

அடுத்தது நடை. அமெரிக்க உள்நாட்டுப் போரை நடிப்பவர்களில் இதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு, கேம்பெய்னர் என்பார்கள். தேவையானது எல்லாம் முதுகில்தான். ஆளுக்குப் பாதிக் கூடாரத் துணி, இரண்டு பேர் சேர்ந்து பொத்தான் போட்டால் ஒரு கூடாரம், சாப்பாட்டுக்குக் கல் மாதிரி காய்ந்த ரொட்டி. அதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் அர்த்தமில்லை. நாங்கள் கம்பளி, அவல், வெல்லம், ஒரு செம்பு என்று வைத்துக்கொண்டோம். அந்தக் காலத்துத் துப்பாக்கி நாலரைக் கிலோ இருக்கும் என்பதால் மரத் துப்பாக்கிக்குள் இரும்பு வைத்து எடையைச் சரிக்கட்டினோம்.

மாசி மாதத்தில் புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகத் தென்பெண்ணை. பஸ்ஸில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் வரும் தூரம். தவளக்குப்பத்திலேயே என் தோளில் வார் அறுத்துவிட்டது. அப்புறம் யாருக்கும் போரைப் பற்றிய நினைப்பே இல்லை, அடுத்த தண்ணீர் எங்கே என்பது ஒன்றுதான். பாலத்தை விட்டு ஆற்று மணலில் இறங்கி நடந்தோம், அந்தக் கொஞ்ச தூரம்தான் மொத்த நடையிலேயே கொடுமை.

ஸ்டூவர்ட் ஏப்ரலில் சென்னையை விட்டுக் கிளம்பி ஜூன் தொடக்கத்தில்தான் கடலூர் வந்து சேர்ந்தார். ஆமை மாதிரி வந்தார் என்று அப்போதே அவர்மேல் பழி. படித்தபோது நானும் திட்டியவன்தான். எட்டு பேருக்கே குடிநீர் பார்த்து நடக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான ஆள், மாடு, பீரங்கி, அதுவும் கத்திரி வெயிலில் என்று மணலில் நின்று யோசித்தபோது எனக்குக் கோபம் போய்விட்டது. அவர்மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தச் சந்தேகமே கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு வந்திருக்காது.

அதனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நடையைத்தான் சொல்வேன். முட்டிவலி உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் மட்டும் வேண்டாம், அவர்களுக்குக் கூடாரமே சரி. புதிதாக வருகிறவர்கள் ஒரு தடவை கூடாரத்தில் உடையைப் போட்டுப் பழகிவிட்டு வந்தால் நல்லது, புதுச் செருப்போடு நேரே நடைக்கு வந்தவர் பாதியில் பஸ் ஏறினார். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டு பக்கமும். எல்லையில் சோதனைச் சாவடி இருக்கிறது, மரத் துப்பாக்கி என்று தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்?

வருகிற தை மாதம் பரங்கிப்பேட்டையிலிருந்து கடலூர் வரை நடக்கிறோம். 1781 ஜூலை 1 அன்று கடலூரை நோக்கி வந்த ஆங்கிலத் தளபதி அயர் கூட் என்பவரை மைசூரின் ஐதர் அலி வழிமறித்தது அந்தப் பக்கம்தான். இந்தத் தடவை தண்ணீருக்கென்றே இரண்டு பேரை ஒதுக்கியிருக்கிறோம், அவர்களுக்குத் துப்பாக்கி கிடையாது.