பேஸ்பஸ் இணையப் பயிற்சி: பேஸ் கிட்டார் தொடங்குவோருக்கான மதிப்புரை

பேஸ் கிட்டாரைத் தாமாகவே கற்க விரும்புவோருக்கு இன்று பாடங்களுக்குப் பஞ்சமில்லை, வரிசைக்குத்தான் பஞ்சம். எந்த உத்தியை யூடியூபில் தேடினாலும் நல்ல காணொளி ஒன்று கிடைத்துவிடும், ஆனால் அதை இப்போதே பழகலாமா, அதற்கு முன் கைக்கு வேறென்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்வதற்கு அங்கே ஆளில்லை. அமெரிக்க பேஸ் ஆசிரியர் ஜாஷ் ஃபாஸ்கிரீன் தமது பேஸ்பஸ் தளத்தில் வழங்கும் ‘பிகினர் டு பேடாஸ்’ என்ற பயிற்சியை முழுவதும் முடித்த பின்பே இதை எழுதுகிறேன். வாத்தியத்தை இதுவரை தொட்டிராத ஒருவருக்கு அந்த வரிசையை இவ்வளவு அக்கறையுடன் அமைத்துத் தந்த பயிற்சி வேறொன்றை நான் பார்க்கவில்லை.

மாதச் சந்தா கிடையாது. ஒரு முறை பணம் கட்டினால் பதினாறு பகுதிகளும் நம்முடையவை, நமக்கு வாய்க்கும் வேகத்தில் படிக்கலாம். பாடங்கள் ஒவ்வொன்றும் சிறியவை. ஒரு புதிய செய்தியைச் சொல்லிவிட்டு, அதை அப்போதே டிரம்ஸ் ஒலியுடன் சேர்ந்து வாசிக்க வைக்கிறார். மெதுவான, நடுத்தர, விரைவான என மூன்று வேகங்களில் அந்தப் பயிற்சி அமைந்திருக்கிறது. விரைவான வேகம் கைகூடாவிட்டாலும் அடுத்த பாடத்துக்குப் போகலாம் என்று அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். தானே கற்பவர்களில் பலர் ஒரே பாடத்தில் முழுமை தேடி நின்று, அங்கேயே சலித்து வாத்தியத்தை மூலையில் சாய்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முழுமை பின்னால் வரும், தாளம் இப்போதே வேண்டும் என்ற இந்த அணுகுமுறையை நான் மனமார ஏற்கிறேன்.

இடது கைக்கு அவர் சொல்லித்தரும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமான பேஸ் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் அது 25.5 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அதனால் பேஸில் முதல் ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளால் பிரியும் கட்டத்தின்) அகலம் மட்டுமே ஏறத்தாழ 1.9 அங்குலம் வருகிறது. முதல் ஃப்ரெட் கம்பிக்கும் நான்காவது ஃப்ரெட் கம்பிக்கும் இடையே ஐந்து அங்குலத்துக்கு மேல் இருக்கிறது. கிட்டாரிலிருந்து வந்த பழக்கத்தில் ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று நான்கு விரல்களையும் விரித்துப் பிடிக்கச் சொன்னால், தொடக்கநிலையினரின் மணிக்கட்டும் கட்டைவிரலின் அடியும் வலிக்கத் தொடங்கிவிடும். ஃபாஸ்கிரீன் விரல்களை வலிந்து விரிக்காமல், கட்டைவிரலை மையமாக வைத்துக் கை முழுவதையும் சிறிது சிறிதாக நகர்த்தும் முறையைத் தொடக்கத்திலேயே பழக்குகிறார். பார்ப்பதற்கு எளிய மாற்றமாகத் தோன்றினாலும், சிறிய கை உடையவர்களுக்கும் நடுவயதில் தொடங்குபவர்களுக்கும் இந்த வாத்தியம் கைவசப்படுமா என்பதையே இது தீர்மானிக்கிறது என்பேன்.

வலது கைப் பாடங்களிலும் இதே நிதானம் தெரிகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுவதைக் கற்றுத்தரும்போதே, மீட்டாத தந்திகளை எப்படி அடக்கி வைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். பேஸின் கனத்த தந்திகள் தொடாமலே அதிரக்கூடியவை. ஏ தந்தியை மீட்டும்போது அதற்கு அருகிலுள்ள, எல்லாவற்றிலும் கனத்த ஈ தந்தியும் சேர்ந்து முனகினால் முழுப் பாட்டும் கலங்கிவிடும். ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் பேஸ் வாசிப்பவரின் பொறுப்பு. நல்ல வாசிப்பையும் வெறும் ஸ்வரக் கோவையையும் பிரிப்பது பெரும்பாலும் அந்த முடிவுதான். இதைத் தொடக்கத்திலேயே காதில் பதிய வைக்கும் ஆசிரியரிடம் எனக்கு மரியாதை உண்டு.

தொடக்கப் பகுதிகளிலேயே மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாடலின் பேஸ் வரி வந்துவிடுகிறது. 1982-இல் வெளிவந்த ‘த்ரில்லர்’ இசைத்தொகுப்பில் இதை வாசித்தவர் லூயிஸ் ஜான்சன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 117 அடிகள் கொண்ட வேகத்தில், ஓர் அடிக்கு இரண்டு ஸ்வரம் வீதம் இடைவெளியின்றி ஓடும் வரி அது. நொடிக்குக் கிட்டத்தட்ட நான்கு ஸ்வரங்கள். கற்பவர்களில் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். மெதுவான வேகத்தில் ஒழுங்காக வந்தால் அதோடு மனநிறைவு கொண்டு நகர்ந்துவிடுவதே சரி. பயிற்சியின் பிற்பகுதிக்குப் போய்த் திரும்பி வந்து வாசித்தால், அதற்கெனத் தனியாக உழைக்காமலேயே கை வேகம் கூடியிருப்பதைக் காணலாம்.

இசைக் கோட்பாட்டை அவர் தனியொரு பாடமாகக் கொட்டிவிடவில்லை. ஃப்ரெட் பலகையில் ஸ்வரங்களின் இடம், எட்டாவது ஸ்வரத்தின் வடிவம், மேஜர் ஸ்கேல் என்ற ஏழு ஸ்வர வரிசை, ஒரு கோர்டின் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தின்) உறுப்பு ஸ்வரங்கள் எல்லாம் வாசிப்புக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும், தேவையான அளவில் வருகின்றன. தமிழ்த் திரையிசையில் வளர்ந்த காதுக்கு இந்தப் பகுதி தனி மகிழ்ச்சி தரும். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் பல இடங்களில் கோர்டின் ஆதார ஸ்வரத்தோடு நின்றுவிடாமல், பாடகரின் மெட்டுக்கு எதிரே தனக்கென ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போகும். அவருடைய இசைக்குழுவில் வாசித்த சசிதரனையும், ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் இத்தனை ஆண்டுகள் கேட்டு ரசித்திருந்தாலும், அந்த வரி கோர்டின் எந்த ஸ்வரத்தில் கால் வைக்கிறது, எங்கே கடந்து செல்லும் ஸ்வரத்தைத் தொடுகிறது என்று பிரித்துக் கேட்கும் திறன் எனக்கு இந்தப் பயிற்சிக்குப் பிறகே வந்தது.

பயிற்சியில் தமிழ்ப் பாடல் எதுவும் இல்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ராக், பாப், ப்ளூஸ், ஃபங்க் ஆகியவையே அதன் உலகம். தாளமும் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில்தான். நம் குத்துப் பாடல்களில் மிகுந்து வரும் மும்மூன்றாகப் பிரியும் நடையை நாமாகவே பாடல்களுடன் சேர்ந்து வாசித்துப் பழகிக்கொள்ள வேண்டும். விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பேச்சு தெளிவாக இருந்தாலும் இடையிடையே வரும் அமெரிக்க நகைச்சுவை எல்லாருக்கும் எட்டும் என்று சொல்ல முடியாது. அது பிடிபடாவிட்டாலும் பாடத்தில் இழப்பு ஒன்றுமில்லை.

இதைவிடப் பெரிய குறை, பதிவுசெய்த எந்தப் பயிற்சிக்கும் பொதுவானது: நாம் வாசிப்பதை ஆசிரியர் கேட்பதில்லை. தாளத்துக்குச் சற்று முந்தி ஓடுவதும், தேவைக்கு மீறித் தந்தியை அழுத்துவதும், தோள் இறுகுவதும் வாசிப்பவருக்கே தெரியாமல் பழக்கமாகிவிடக் கூடியவை. வாசிப்பைக் கைப்பேசியில் பதிவுசெய்து மறுநாள் கேட்டால் தாளப் பிழைகளில் பெரும்பகுதி தானாகவே காதில் படும். உடல் சார்ந்த பிழைகள் படாது. ஆகவே பயிற்சியின் நடுவில் ஓரிரு முறையாவது உள்ளூரில் பேஸ் வாசிக்கும் ஒருவர் முன் அமர்ந்து காட்டிவிடுவது நல்லது. எந்த இணையப் பயிற்சிக்கும் அந்தச் சில மணி நேரத்துக்கு ஈடு கிடையாது.

சேருவதற்கு முன் கருவிகள் குறித்துச் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது பணத்தையும் மனச்சோர்வையும் மிச்சப்படுத்தும். விரலால் அழுத்தாமல் மீட்டும் ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்; மிக மெல்லிய ஜி தந்திக்கே 98 ஹெர்ட்ஸ்தான். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தர முடியாது, மேலே எழும் துணை ஒலிகள் மட்டுமே கேட்கும். பாடத்தைக் கைப்பேசியில் ஓடவிட்டு ஆசிரியர் வாசிப்பது தெளிவாக இல்லை என்று குறை சொல்பவர்கள் முதலில் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ள வேண்டும். அது கம்பியுள்ளதாக இருக்கட்டும். நம் வாசிப்பையே ப்ளூடூத் வழியாகக் கேட்டால் ஒலி தாமதித்து வருவதால், சரியாக வாசித்தாலும் தாளம் தப்புவதாகவே தோன்றும். ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கணினியும், வாத்தியத்தை அதனுடன் இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் போதும். புதிய வாத்தியத்தில் தந்தி ஃப்ரெட்டிலிருந்து மிக உயரத்தில் நின்றால் கடையிலேயே இறக்கித் தரச் சொல்லுங்கள்; விரல் வலிக்குக் காரணம் பல நேரங்களில் பயிற்சிக் குறைவு அல்ல, அந்த உயரம்தான். கை எட்டாதவர்கள் தந்தி நீளம் 30 அங்குலமே உள்ள வாத்தியத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

ஏற்கெனவே சில ஆண்டுகள் வாசித்து, மேடையும் ஏறியவர்களுக்கு இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு ஸ்காட் டிவைன் நடத்தும் ஸ்காட்ஸ் பேஸ் லெசன்ஸ் தளம் கூடுதலாகப் பயன்படும். அது சந்தா முறையில் இயங்குகிறது, பாடங்களின் பரப்பும் பெரிது. செலவே செய்ய இயலாதவர்களுக்கு ஆண்ட்ரூ பௌஸ்காவின் ஸ்டடிபேஸ் இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்தும் படங்களுமாக அமைந்த அந்தப் பாடங்களைப் பொறுமையாகப் படித்துப் பழக வேண்டியிருக்கும், ஆனால் கோட்பாட்டு விளக்கங்கள் மிகத் தெளிவானவை. பேஸ்பஸ் பயிற்சியில் இருப்பவர்களும் அவற்றை உடன்வைத்துப் படிக்கலாம். பணம் டாலரில் போவதால், முதலில் ஃபாஸ்கிரீன் யூடியூபில் இலவசமாக வைத்திருக்கும் தொடக்கப் பாடங்கள் சிலவற்றை வாத்தியத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். அவருடைய பேச்சும் வேகமும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.