குவாலிஸ் கிளட்ச் மாஸ்டர்: கிட் மட்டும் மாற்றி ஓட்டிய அனுபவம்

எங்கள் குவாலிஸ் 2003 மாடல், 2.4 லிட்டர் டீசல். கிளட்ச் மாஸ்டரை (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் சிலிண்டர்) முழுசாக மாற்றாமல் உள்ளே இருக்கும் ரப்பர் கிட்டை மட்டும் மாற்றி, சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒரு சொட்டு கசியவில்லை. கிட் போதுமா, புதுசே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சிக்னலில் முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்ல இறங்கும், வண்டி தானாக நகரப் பார்க்கும், ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று பல் உரசும். இந்த இடத்தில்தான் பலரிடம் கிளட்ச் பிளேட் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன் டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து, பெடலிலிருந்து வரும் கம்பி (புஷ் ராடு) மாஸ்டருக்கு உள்ளே போகும் இடத்து ரப்பர் உறையை (பூட்) தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மாஸ்டரின் பின்பக்கக் கப் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) போய்விட்டது. எங்கேயும் கசிவில்லை, டப்பாவில் ஆயிலும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் முன் கப்பைத் தாண்டி ஆயில் டப்பாவுக்கே திரும்பிப் போகிறது. எங்கள் வண்டியில் பூட் நனைந்திருந்தது, ஆயிலும் ரப்பர் கரைந்து கறுத்திருந்தது.

கழற்றுவது பெரிய வேலை இல்லை. பைப் நட்டுக்கு மட்டும் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீட்டர் ஃபிளேர் ஸ்பானர் வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஸ்பானரில் நட்டின் மூலை மழுங்கிவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கிட் நிற்குமா நிற்காதா என்பது சிலிண்டரின் உள்சுவரை (போர்) பொறுத்ததுதான். டாட் 3 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் உலோகத்தை அரித்துக் குழி போட்டுவிடும். அந்தக் குழியின் மேல் புதுக் கப்பின் உதடு போய்ப் போய் வந்தால் எவ்வளவு நல்ல கிட்டும் கிழிந்துதான் போகும். அதனால் கிட் வாங்கப் போகும் முன்பே கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். லேசான கறை என்றால் 1000 நம்பர் வாட்டர் பேப்பரைப் பிரேக் ஆயிலில் நனைத்து வட்டமாகத் தேய்த்தாலே போய்விடும், எங்களுடையது அப்படித்தான் இருந்தது. தேய்த்த பிறகும் கறுப்புப் புள்ளியாகக் குழி தெரிந்தால், கோடு நகத்தில் தட்டுப்பட்டால், கிட்டுக்குச் செலவு செய்யவே வேண்டாம். என் மச்சான் வண்டியில் குழி இருந்தும் பட்டறையில் கிட்டைப் போட்டுக் கொடுத்தார்கள், சில மாதத்தில் திரும்பவும் ஒழுகி, கடைசியில் முழு அசெம்பிளியே வாங்கினார். கிட் காசும் கூலியும் வீண்.

பூட்டும்போது கப், பிஸ்டன் எல்லாவற்றையும் புது பிரேக் ஆயிலில் நனைத்துத்தான் போட வேண்டும். என்ஜின் ஆயில், சாதாரண கிரீஸ், டீசல் எதுவும் அந்த ரப்பர் பக்கமே வரக்கூடாது, ஊதிப் போய்விடும். முன் கப்பின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அப்புறம் புஷ் ராடு: பெடலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் கொஞ்சம் ஆட்டம் விடணும். ஆட்டமே இல்லையென்றால் பிஸ்டன் முழுசாகத் திரும்பாது, டப்பாவுக்குப் போகும் துளை திறக்காது, அழுத்தம் உள்ளேயே தங்கி கிளட்ச் வழுக்கும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

மாஸ்டர் தள்ளும் ஆயிலை வாங்கிக் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சை நகர்த்தும் ஸ்லேவ் சிலிண்டரின் கப்பையும் சேர்த்தே மாற்றிவிட்டோம், இதை அழுத்திச் சொல்வேன். இரண்டும் ஒரே வயசு, ஒரே அழுக்கு ஆயிலில் கிடந்தவை. மாஸ்டரை மட்டும் சரி செய்தால் கொஞ்ச நாளில் ஸ்லேவ் ஒழுகும், பைப்பில் புகுந்த காற்றை வெளியேற்றும் (ஏர் எடுக்கும்) வேலை திரும்பவும் வரும்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் குடும்பத்தோடு ஏறி இறங்கியாயிற்று, பெடல் கொஞ்சமும் தாழவில்லை, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுகிறேன், கிட் இவ்வளவு காலம் நிற்க அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன். ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மட்டும் இன்னும் பழசு. ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி, அது ஊதுகிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அதையும் மாற்றிவிடப் போகிறேன்.